காணாமல் போன கொள்ளுத் தாத்தா: அமெரிக்க வம்சாவளித் தேடலில் எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

என் மகளின் மாமியார், அதாவது என் சம்பந்தியம்மா, அயோவாக்காரர். போன வருடம் தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "உங்களுக்குத்தான் பழைய காகிதம் படிக்கப் பிடிக்குமே, என் தாத்தாவோட அப்பாவைக் கொஞ்சம் தேடிக் கொடுங்களேன்" என்றார். குடும்பப் பெயர் கூன். ஜெர்மன் பெயர் (நம் காதுக்கு முதுகு வளைந்தது போலக் கேட்கிறது, அது என் காதின் கோளாறு). அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர், 1880 சென்சஸில் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு இருக்கிறார், அதற்கப்புறம் ஆளே இல்லை. ரயில் பாதை போடும் வேலைக்கு மேற்கே போனார், பனிப்புயலில் இறந்துவிட்டார் என்று குடும்பத்தில் கதை. கல்லறை கிடையாது.

ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், எட்டு மாதம் ஆனது. நடுவில் எங்கள் ஊர் நூலகத்தில் இதே வேலையாக வருகிற இன்னும் நாலைந்து பேரோடு பழக்கமாகி, அவர்கள் முட்டிக்கொண்டிருந்த இடங்களையும் பார்த்தேன். எல்லாரும் முட்டுவது ஏறக்குறைய ஒரே சுவர்களில்தான். அமெரிக்கச் சம்பந்தி உள்ள வீடுகள் நம்மிடையே இப்போது நிறைய ஆகிவிட்டன, பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னால் பாதி மரம் இந்தப் பக்கம்தான் வேர்விடுகிறது. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு பழக்கம். "தேடினேன், இல்லை" என்று எழுதாதீர்கள். எந்தத் தளத்தில், எந்த ஏட்டில், எந்த எழுத்துக்கூட்டலில், எந்த மாவட்டத்தில் தேடினீர்கள் என்று நோட்டில் குறித்து வையுங்கள். ஆள் அந்த ஊரில் இல்லாமல் இருக்கலாம், ஏடே அழிந்திருக்கலாம், அல்லது ஏட்டில் ஆள் நன்றாக உட்கார்ந்திருந்து அட்டவணைதான் அவரை வேறு யாராகவோ காட்டிக்கொண்டிருக்கலாம். என் கணக்கில் பாதிக்கு மேல் மூன்றாவது ரகம்.

அறிகுறி: பெயரை அடித்தால் ஒன்றுமே வரவில்லை

நம் 'ழ' உள்ள பெயர் ஒன்றை இங்கே யாரிடமாவது போனில் சொல்லி எழுத வைத்துப் பாருங்கள். 1880-ல் ஒரு ஜெர்மன் விவசாயி என்ன பாடு பட்டிருப்பார் என்று புரிந்துவிடும். சென்சஸ்காரர் வாசலில் நின்று காதில் விழுந்ததை எழுதினார். பதில் சொன்னவர் வீட்டுக்காரராக இருக்கலாம், பத்து வயதுப் பிள்ளையாக இருக்கலாம், வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். அது முதல் பிழை. நூறு வருடம் கழித்து அந்தக் கையெழுத்தைப் படித்து அட்டவணை போட்டவர் கண் செய்தது இரண்டாவது பிழை.

எங்கள் கூனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் கே, யூ, ஹெச், என். பழைய சாய்வெழுத்தில் பெரிய கே சில சமயம் ஆர் போலவும் சில சமயம் ஹெச் போலவும் தெரியும், கடைசியில் வரும் ஹெச்சும் என்னும் ஒட்டிக்கொண்டால் எல், எம் ஆகிவிடும். ரூன், ஹூன், கூல்ம் என்று மூன்று அவதாரத்திலும் இந்தக் குடும்பத்தை நான் பார்த்துவிட்டேன். இன்னொரு பழைய வழக்கம், இரண்டு எஸ் சேர்ந்து வந்தால் முதல் எஸ்ஸை நீளமாக இழுத்து எஃப் போல எழுதுவார்கள். அதனால் ராஸ் என்பவர் ராஃப்ஸ் என்றும், ஜெஸ்ஸி என்பவர் ஜெஃப்ஸி என்றும் அட்டவணையில் ஏறியிருப்பார். பெரிய எழுத்துகளில் ஐ-யும் ஜே-யும், எல்லும் எஸ்ஸும், டி-யும் எஃப்பும் ஒன்றுக்கொன்று வேடம் கட்டும்.

"ஒலி ஒத்த பெயர்களையும் தேடு" என்று ஒரு வசதி இருக்கிறதே என்பீர்கள். சவுண்டெக்ஸ் என்று பெயர், 1918-ல் காப்புரிமை வாங்கியது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்களுக்கு ஒரே எண் கொடுக்கும். ஸ்மித்தும் ஷ்மிட்டும் அதில் எஸ்530, ரொம்ப நல்லது. ஆனால் முதல் எழுத்து மாறினால் கைவிட்டுவிடும். கே-யில் தொடங்கும் கூன் கே500, சி-யில் தொடங்கி இரண்டு ஓ போட்ட கூன் சி500. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பெயர், இயந்திரத்துக்கு வேறு வேறு குடும்பம். நான் மூன்று மாதம் கே-யிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

பெயரை மொழிபெயர்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஸிம்மர்மன் கார்பெண்டர் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார், யுங் யங் ஆனார். முதல் பெயரிலும் பொறி இருக்கிறது. ஜெர்மன் குடும்பத்தில் நாலு பையன்களுக்கும் யோஹான் என்றே ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்கள், கூப்பிடுவது இரண்டாவது பெயரால். யோஹான் ஹைன்ரிஷ் அமெரிக்காவில் ஹென்றி, ஜான் என்று தேடினால் கிடைக்க மாட்டார். பெண்களுக்குச் செல்லப் பெயர்தான் ஏட்டிலும். மேரி பாலி ஆவாள், சாரா சாலி ஆவாள், மார்கரெட் பெக்கி, மார்த்தா பாட்ஸி. பிரிட்ஜெட் என்ற ஐரிஷ் பெண் டீலியா ஆகியிருப்பாள், இதை யாராவது சொல்லாமல் உங்களால் ஊகிக்கவே முடியாது.

என்ன செய்யலாம்? குடும்பப் பெயரைக் கட்டத்திலிருந்து எடுத்தே விடுங்கள். முதல் பெயர், பிறந்த வருடம் முன்பின் ஐந்து, பிறந்த மாநிலம் அல்லது நாடு, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), இவ்வளவு போதும். அதுவும் வரவில்லையா, வீட்டில் யாருக்கு அபூர்வமான பெயரோ அந்தப் பிள்ளையைத் தேடுங்கள், ஜான் என்ற அப்பாவைவிட லூசிண்டா என்ற மகள் சீக்கிரம் அகப்படுவாள். சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாவிட்டால் நட்சத்திரக்குறி. இதெல்லாம் முடிந்தும் இல்லையென்றால் டீயைப் போட்டுக்கொண்டு அந்த ஊர்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஒரு டவுன்ஷிப், அதாவது கவுண்டிக்குள் ஒரு சின்னப் பிரிவு, ஒரு சாயங்கால வேலை. சலிப்புதான், ஆனால் அக்கம்பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்பது அப்படித்தான் மனசில் நிற்கும், அது பின்னால் உதவும்.

அறிகுறி: 1850-ல் இருக்கிறார், 1840-ல் இல்லை

இது பிழையே இல்லை. 1790 முதல் 1840 வரை சென்சஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். மற்றவர்கள் எல்லாம் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். அடிமைகள் அல்லாத எல்லாருடைய பெயரும் 1850-லிருந்துதான்.

அதனால் அந்த எண்களைப் படிக்கப் பழகுங்கள். 1850-ல் 38 வயது என்றால் 1840-ல் 28, அதாவது 20-லிருந்து 30 வரையிலான ஆண்கள் கட்டத்தில் ஒரு எண்ணாக யாருடைய வீட்டிலோ இருக்கிறார். சொந்த வீடா, அப்பா வீடா, மாமனார் வீடா என்பதுதான் கேள்வி. 1850-ல் அக்கம்பக்கத்தில் அதே குடும்பப் பெயரோடு இருக்கிற வயதானவர்களைக் குறித்துக்கொண்டு, 1840-ல் அவர்கள் வீட்டுக் கட்டங்களில் 20-30 ஆண் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். 1840 ஏட்டில் கூடுதலாக ஒரு சலுகை உண்டு, இராணுவப் பென்ஷன் வாங்கும் முதியவர்களின் பெயரும் வயதும் தனியாக எழுதப்பட்டிருக்கும். மகள் வீட்டில் திண்ணையோடு ஒதுங்கிவிட்ட அமெரிக்க விடுதலைப் போர்க் கிழவர் ஒருவர் அங்கே பெயரோடு அகப்பட்டால், அந்த வீட்டு அம்மாள் யார் மகள் என்பதும் சேர்ந்தே கிடைத்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. 1850, 1860, 1870 மூன்றிலும் உறவுமுறை எழுதப்படவில்லை, அது 1880-லிருந்துதான். ஒரே வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் அந்தத் தம்பதியின் பிள்ளைகள் என்று மரத்தில் ஏற்றிவிடாதீர்கள். அண்ணன் மகனாக இருக்கும், எடுபிடி வேலைக்கு வைத்த அநாதைப் பையனாகவும் இருக்கும்.

அறிகுறி: 1880-க்கும் 1900-க்கும் நடுவே விழுந்துவிட்டார்

இது பெரிய பள்ளம், இதில் விழாத குடும்பம் இல்லை. 1890 சென்சஸில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களை எண்ணினார்கள். அந்த ஏடுகள் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. 1921 ஜனவரி 10 அன்று தீ. எரிந்தது போக மிச்சம் தண்ணீரில் ஊறியது, அதையும் திருத்தி எடுக்காமல் வைத்திருந்து, 1930-களில் குப்பையென்று அழித்துவிட்டார்கள். இன்று மிஞ்சியிருப்பது ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள். தீயைவிட அந்தப் பத்து வருட அலட்சியம்தான் எனக்கு ஆத்திரம். இருபது வருடத்தில் குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு மாநிலம் போய்விடும், நம் கையில் இரண்டு முனை மட்டும் இருக்கும்.

இந்தப் பள்ளத்துக்குப் பாலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 1892 மாநில சென்சஸ் இருக்கிறது. அயோவா, கான்ஸாஸ், மின்னசோட்டா மூன்றிலும் 1885, 1895 இரண்டும் இருக்கின்றன. 1885-ல் கொலராடோ, புளோரிடா, நெப்ராஸ்கா, டகோட்டா, நியூ மெக்ஸிகோ பகுதிகளில் மத்திய அரசு உதவியோடு ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நகரவாசி என்றால் வருடாந்தர நகர டைரக்டரி, அதில் தொழிலும் தெருவும் இருக்கும், ஒரு வருடம் கணவன் பெயர் போய் மறுவருடம் "விதவை" என்று மனைவி பெயர் ஏறினால் இறந்த வருடம் ஏறக்குறையக் கிடைத்துவிடும் (ஏறக்குறைய என்கிறேன், ஏன் என்று பின்னால் பாருங்கள்).

1890-ல் வடக்குப் படை வீரர்களுக்கும் விதவைகளுக்கும் தனிப் பட்டியல் எடுத்தார்கள், அதில் பாதி தப்பியது. மாநிலங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் கென்டக்கியின் பாதியிலிருந்து வயோமிங் வரை இருக்கிறது, அதற்கு முந்தியது ஏறக்குறைய எல்லாம் போச்சு. அயோவா ஐ-யில் தொடங்குகிறது. எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை. 1885 அயோவாவில் கூன் இருக்கிறார், 1895-ல் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த பாலம்.

அறிகுறி: அவர் ஊரை விட்டு நகரவே இல்லை, ஆனாலும் பத்திரமோ உயிலோ கிடைக்கவில்லை

அவர் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது. மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் பர்லிங்டன் என்ற ஊரில் 1834-ல் ஒருவர் குடியேறினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது மிச்சிகன் பிரதேசம். 1836-ல் விஸ்கான்ஸின் பிரதேசம். 1838-ல் அயோவா பிரதேசம். 1846-ல் அயோவா மாநிலம். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டே நாலு அரசாங்கத்தைப் பார்த்துவிட்டார். அதே மாதிரி 1863 ஜூன் 19 வரை வெர்ஜீனியாவில் இருந்தவர் மறுநாள் எழுந்தால் மேற்கு வெர்ஜீனியாக்காரர்.

கவுண்டிகள் இதைவிட மோசம், வெட்டி வெட்டிப் புதிது உண்டாக்கிக்கொண்டே இருந்தார்கள். பொதுவாக, கவுண்டி பிரிந்தால் பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். அதனால் இன்று அந்த நிலம் எந்தக் கவுண்டி என்று பார்க்காதீர்கள், பத்திரம் எழுதிய அன்று எது என்று பாருங்கள். சிகாகோவில் நியூபெரி நூலகம் வருடா வருடம் எல்லை எப்படி மாறியது என்று வரைபடத் தொகுப்பே செய்து இலவசமாக வைத்திருக்கிறது. எல்லையோரத்தில் வாழ்ந்தவர்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் பக்கத்துக் கவுண்டிக்கே போயிருப்பார்கள், அங்கே போகத்தான் நல்ல சாலை இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை.

அறிகுறி: கோர்ட் கட்டடம் எரிந்துவிட்டது என்கிறார்கள்

எது எரிந்தது என்று கேளுங்கள். சிகாகோவில் 1871 அக்டோபர் தீயில் குக் கவுண்டி ஏடுகள் உண்மையிலேயே போய்விட்டன. சின்சினாட்டியில் 1884 மார்ச் கலவரத்தில் கோர்ட்டைக் கொளுத்தினார்கள். ஆனால் பல ஊர்களில் எரிந்தது ஒரு அறை மட்டும், பத்திரம் போய் உயில் தப்பியிருக்கும். பத்திரம் எரிந்ததும் நிலக்காரர்கள் கையிலிருந்த அசலைக் கொண்டுவந்து மறுபடி பதிவு செய்தார்கள், 1840 பத்திரம் 1885 புத்தகத்தில் இருப்பது அப்படித்தான். மத்திய அரசின் காகிதங்களுக்குக் கவுண்டித் தீயோடு சம்பந்தமே இல்லை. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு நிலம் 160 ஏக்கர் எடுத்து ஐந்து வருடம் குடியிருந்தவர் என்றால் வாஷிங்டனில் அவருக்கு ஒரு கோப்பு இருக்கும், அதில் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியம், வெளிநாட்டில் பிறந்தவர் என்றால் குடியுரிமைக் காகித நகல்.

அறிகுறி: மனைவியின் பிறந்த வீடு தெரியவில்லை

மரத்தில் பாதி இடம் இதனால்தான் காலியாக இருக்கிறது. கணவன் பெயருக்குள் பெண் மறைந்துவிட்டாள், சொத்து அவள் பெயரில் இருக்கச் சட்டமும் பல மாநிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதி வரை இடம் கொடுக்கவில்லை. நியூயார்க்கில் அந்தச் சட்டம் 1848-ல்தான் வந்தது.

பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள், அதில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். ஆனால் மாநிலம் முழுக்க இறப்புப் பதிவு வந்த வருடம் படுவித்தியாசம். மாஸசூஸெட்ஸ் 1841, பென்ஸில்வேனியா 1906, ஒஹாயோ 1908, ஜார்ஜியா 1919. அதனால் எல்லாருக்கும் கடைசியாகச் செத்த பிள்ளையைப் பிடியுங்கள். கொள்ளுப் பாட்டி 1890-ல் இறந்திருந்தாலும் அவர் கடைக்குட்டி 1940 வரை இருந்திருப்பாள். அவள் 1936-க்கு அப்புறம் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) எண்ணுக்கு விண்ணப்பித்திருந்தால் அந்தப் படிவத்தில் அம்மாவின் முழுப் பெயரைத் தன் கையால் எழுதியிருப்பாள்.

தெற்கு மாநிலங்களில் கல்யாணத்துக்கு ஜாமீன் பத்திரம் எழுதுவார்கள், கூடக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் பெண்ணின் அண்ணனோ அப்பாவோ. நிலம் விற்கும்போது மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவேண்டும், அப்போது கணவனை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாக விசாரித்தோம் என்றே பத்திரத்தில் எழுதியிருக்கும். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை, ஐம்பது வருட வாழ்க்கையில் அந்தப் பெண்ணை யாரோ ஒருவர் தனியாகக் கூப்பிட்டு "உனக்குச் சம்மதமா" என்று கேட்டதற்கு இருக்கும் ஒரே சாட்சி அது.

அப்புறம், பிள்ளைகளின் நடுப் பெயர் விசித்திரமாக இருந்தால் அது அம்மா வீட்டுக் குடும்பப் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே ஆய்வாளர்கள் ஃபேன் கிளப் என்று ஒன்று சொல்வார்கள். ரசிகர் மன்றமாக்கும் என்று நினைத்தேன், நண்பர்கள், கூட்டாளிகள், அண்டை வீட்டார் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள். ஆளைத் தேடாதே, ஆளைச் சுற்றியிருந்தவர்களைத் தேடு என்பது அதன் சாரம். குதிரை வண்டிக் காலத்தில் மாப்பிள்ளை வெகுதூரம் போய்ப் பெண் பார்க்கவில்லை, 1850 ஏட்டில் அவர் வீட்டுக்கு மேலும் கீழும் பத்து வீட்டில் மாமனார் இருக்கலாம்.

சொற்களிலும் ஏமாற வேண்டாம். அன்றைக்கு 'மதர் இன் லா' என்று எழுதினால் அது சித்தியையும், அதாவது அப்பாவின் இரண்டாம் மனைவியையும், குறிக்கும். சீனியர், ஜூனியர் என்றால் அப்பா, மகன் என்று அர்த்தமில்லை. ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் மூத்தவர் சீனியர், அவ்வளவே. உறவே இல்லாதவர்களாகவும் இருப்பார்கள்.

அறிகுறி: ஒரே பெயரில் ஆள் கிடைத்துவிட்டார், சந்தோஷமாக இருக்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி. நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடிவரவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதலில் இறங்கிய பெண் அயர்லாந்தின் ஆனி மூர். பல வருடங்களாக அவர் டெக்ஸாஸுக்குப் போய் வாழ்ந்தவர் என்றே நாடு முழுக்க நம்பி, அந்தக் குடும்பத்தை விழாக்களுக்கு அழைத்து மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். டெக்ஸாஸ் ஆனி இல்லினாயில் பிறந்தவர் என்று காகிதம் சொன்னதை யாரும் பார்க்கவில்லை. 2006-ல்தான் உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகராமல் அங்கேயே 1924-ல் இறந்தவர் என்று வெளிவந்தது. நாட்டுக்கே நடந்திருக்கிறது, நமக்கு நடக்காதா?

பெயரும் வயதும் ஒத்தால் போதாது. மனைவி பெயர், பிறந்த இடம், தொழில், நிலம் எந்தப் பிரிவில், சாட்சி போட்டவர்கள் யார், இதில் இரண்டு மூன்றாவது சேரவேண்டும். வயது இரண்டு மூன்று வருடம் பிசகினால் கவலைப்படாதீர்கள், பத்து வருடத்தில் ஏழே வயது கூடிய அம்மாக்கள் ஒவ்வொரு ஏட்டிலும் உண்டு. இணையத்தில் யாரோ போட்டு வைத்த மரத்தை அப்படியே நகலெடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே தப்பை நாற்பது பேர் நகலெடுத்தால் அது நாற்பது சாட்சி போலத் தெரியும்.

அறிகுறி: கப்பல் பட்டியலில் இல்லை

எல்லாரும் எல்லிஸ் தீவில் தேடுகிறார்கள். 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய நிலையமான காஸில் கார்டன் வழியாக வந்தார்கள், 1820-க்கு முன் மத்திய அரசுப் பட்டியலே கிடையாது. அயோவா ஜெர்மானியர் பலர் நியூ ஆர்லியன்ஸில் இறங்கி ஆற்றுப் படகில் மேலே வந்தவர்கள். கனடா வழி மலிவு என்று கியூபெக்கில் இறங்கியவர்களும் நிறைய, எல்லை தாண்டுகிறவர்களைக் குறித்துவைப்பது 1895-ல்தான் தொடங்கியது. எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது, ஆனால் அதிகாரி கையில் இருந்தது கப்பல்காரர் புறப்பட்ட இடத்தில் எழுதிய பட்டியல், அதைப் பார்த்துக் குறி போட்டதுதான் அவர் வேலை.

ஆள் நாட்டிலேயே இல்லாமலும் போகலாம். வுஸ்டர் ஊர்க்காரரான மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீனை 1850-ல் மாஸசூஸெட்ஸில் தேடுகிறவருக்கு, அவர் அப்போது யாழ்ப்பாணம் மானிப்பாயில் நோயாளி பார்த்துக்கொண்டிருந்தார் என்று எப்படித் தெரியும்? நியூ இங்கிலாந்துக் குடும்பத்தில் யாராவது பத்து இருபது வருடம் மறைந்து திரும்பி வந்தால் மிஷன் ஏடுகளைப் பாருங்கள். அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சங்கத்தின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தவர்கள் எழுதிய கடிதங்கள் பலவும் அங்கேதான்.

அறிகுறி: 1870-க்கு முன்னால் குடும்பமே இல்லை

கறுப்பினக் குடும்பங்களுக்கு இது தனிச் சுவர், அதற்குப் பெயரே 1870 சுவர். 1850, 1860 இரண்டிலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் இருப்பது முதலாளி பெயர், கீழே ஒவ்வொருவரின் வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர் கிடையாது. விடுதலை பெற்றவர்கள் எல்லாரும் பெயரோடு வரும் முதல் சென்சஸ் 1870.

அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வருடமாக நகரவேண்டும், 1870-லிருந்து 1860-க்குத் தாவினால் விழுந்துவிடுவீர்கள். 1867-ல் தெற்கு மாநிலங்களில் எடுத்த வாக்காளர் பதிவில் கறுப்பின ஆண்கள் முதல்முறையாக இருக்கிறார்கள். விடுதலை பெற்றவர்களுக்காக மத்திய அரசு 1865-ல் தொடங்கி 1872 வரை நடத்திய ஃப்ரீட்மென்ஸ் பீரோ அலுவலகத்தின் காகிதங்களில் வேலை ஒப்பந்தங்கள் இருக்கின்றன, யாருடைய நிலத்தில் யார் வேலைக்குச் சேர்ந்தார் என்று. அதே மக்களுக்காக இருந்த ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் 1874-ல் மூழ்கி ஏழைகள் பணத்தை விழுங்கியது, ஆனால் கணக்குத் தொடங்கியவர்களிடம் கேட்டு எழுதிய பதிவேடு தங்கிவிட்டது. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, பழைய எஜமான், தோட்டம் எல்லாம் அதில் வரும். கறுப்பின வீரராக வடக்குப் படையில் இருந்தவர் என்றால் பென்ஷன் கோப்பில் அவரோடு அடிமையாக இருந்தவர்களின் வாக்குமூலங்கள் இருக்கும்.

எஜமான் யார் என்று தெரிந்த பிறகுதான் அவன் சொத்துக் கணக்கைத் தேட முடியும். குடும்பப் பெயரை வைத்து மட்டும் எஜமானை முடிவு செய்யாதீர்கள், கடைசி எஜமானின் பெயரை எல்லாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் நூலகத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இரண்டு வருடத் தேடலுக்குப் பின் அந்தச் சொத்துக் கணக்கை அடைந்தார், நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். ஒரு கோவேறு கழுதை, ஒரு கலப்பை, ஒரு சுவர்க் கடிகாரம், அடுத்த வரியில் ஒரு பெண்ணும் அவள் குழந்தையும், எதிரே டாலர். அந்தக் குழந்தையின் பெயர் 1870-ல் அவர் கொள்ளுப் பாட்டி பெயர். டீச்சர் அந்த வரியை ஒன்றும் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார், கழுதையையும் கடிகாரத்தையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு இவர்களே தங்கள் ஆட்களைத் தேடினார்கள், அதையும் மறக்க வேண்டாம். நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு மெதடிஸ்ட் பத்திரிகை 1877 முதல் "காணாமல் போன நண்பர்கள்" என்று ஒரு பத்தி நடத்தியது, போதகர்கள் அதைக் கோயிலில் படித்துக் காட்டவேண்டும் என்று வேண்டுகோளோடு. அம்மா பெயர், விற்ற ஊர், வாங்கியவன் பெயர் என்று ஒவ்வொரு விளம்பரமும் ஒரு வம்சாவளி. இன்று அவற்றை இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

அறிகுறி: குடும்பம் இருக்கிறது, அப்பா மட்டும் மாயம்

இப்போது கூனுக்கு வருகிறேன். இறந்தார் என்று குடும்பம் சொன்னாலும் காகிதம் காட்டும்வரை நம்பாதீர்கள். 1900 சென்சஸில் அவர் மனைவி "விதவை" என்றே எழுதியிருக்கிறார். ஆனால் விவாகரத்து அவமானமாக இருந்த காலத்தில் விட்டுப்போனவனின் மனைவிக்கு விதவை என்பதுதான் கௌரவமான பதில். கலிபோர்னியாவில் தங்கம் என்று ஓடியவர்கள், வேறு மாநிலத்தில் இன்னொரு குடும்பம் வைத்தவர்கள், பைத்தியக்கார விடுதியில் கிடந்தவர்கள், எல்லாருடைய மனைவிமாரும் சென்சஸில் விதவைகள்தான். ஆகவே அவர் இறந்ததாகச் சொல்லும் வருடத்துக்கு அப்புறமும் தேடவேண்டும், சிறை, ஏழை விடுதி, மருத்துவமனை எல்லாம் சேர்த்து.

போர் வீரர் என்றால் வழி இன்னும் நேரானது. வடக்குப் படையினரின் பென்ஷன் கோப்புகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில், தெற்குப் படைக்கு அந்தந்த மாநிலத்தில். ஊனமுற்ற வீரர்களுக்கு மத்திய அரசு விடுதிகள் இருந்தன, டேட்டன், மில்வாக்கி, 1885-ல் திறந்த கான்ஸாஸின் லெவன்வொர்த் என்று. அவற்றின் பதிவேடுகளில் படைப்பிரிவு, பிறந்த இடம், கண் நிறம், கல்யாண நிலை, நெருங்கிய உறவினர் முகவரி வரை இருக்கிறது.

அங்கே கே-யில் அவர் இல்லை. ஒரு நாள் சலித்துப்போய் பெயரைத் தூக்கிவிட்டு படைப்பிரிவை வைத்துத் தேடினேன். லெவன்வொர்த்தில், சி-யும் இரண்டு ஓ-வும் போட்ட கூன், அதே படைப்பிரிவு, அதற்குள் அதே கம்பெனி, ஜெர்மனியில் பிறந்தவர், 1891-ல் சேர்ந்திருக்கிறார். கல்யாண நிலை: மனைவியை இழந்தவர். அவள் இவரைக் கொன்றாள், இவர் அவளைக் கொன்றார், காகிதத்தில்.

பென்ஷன் கோப்பை வரவழைத்தோம். 1898-ல் பென்ஷன் அலுவலகம் எல்லா வீரர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பியது, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எங்கே எப்போது கல்யாணம், பிள்ளைகள் யார் யார் என்று. விடுதியில் பொய் சொன்ன மனிதர் அதில் பொய் சொல்லவில்லை. நடுங்கும் கையெழுத்தில் மனைவியின் முழுப் பெயர், கல்யாணத் தேதி, ஐந்து பிள்ளைகளின் பெயரும் பிறந்த நாளும் வரிசையாக. நாலாவதாக இருப்பது சம்பந்தியம்மாவின் தாத்தா.

அதே கோப்பில் மனைவியின் மனுவும் இருந்தது. 1899 மார்ச்சில் வந்த ஒரு சட்டம், மனைவியைக் கைவிட்டவரோ வீரர் விடுதியில் இருப்பவரோ வாங்கும் பென்ஷனில் பாதியை மனைவி கேட்கலாம் என்றது. அந்த அம்மாள் அதே வருடம் மனுப் போட்டிருக்கிறார், அடுத்த வருடம் சென்சஸ்காரரிடம் விதவை என்று சொல்லியிருக்கிறார். கணவருக்கு மாதம் பன்னிரண்டு டாலர், பாதி ஆறு.

சம்பந்தியம்மாவிடம் நகலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "ஆறு டாலரை அவரா அனுப்பினார், கவர்மென்ட்டா பிடிச்சுக் கொடுத்தது?" என்று கேட்டார். பிடித்துத்தான் கொடுத்தது என்றேன். சரி என்று நகலை மடித்து உறையில் வைத்துக்கொண்டார். இந்த வருடம் பேரப்பிள்ளைகள் கேட்டபோது பனிப்புயல் கதையைத்தான் சொன்னார், என்னைப் பார்க்காமல்.